சிலிண்டரை மிச்சம் பிடிக்க வாங்கிய டப்பா

எங்கள் வீட்டில் சிலிண்டர் மாற்றுகிற தேதியைக் காலண்டரில் எழுதி வைப்பது என் வேலை. பெங்களூரு பீன்யாவில் ஒரு சின்ன லேத் பட்டறையில் பதினாறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். எழுதாத செலவு செலவே இல்லை என்று நினைக்கிற முதலாளியோடு தினமும் மல்லுக்கட்டி, அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. போன வருஷம் காலண்டரைப் புரட்டிப் பார்த்தபோது ஒரு சிலிண்டர் சராசரியாக 34 நாள் வந்திருந்தது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது மோசமில்லைதான். ஆனால் எங்கள் சந்தில் குடியிருக்கும் பாலக்காட்டுச் சேச்சி வீட்டில் நாற்பத்தைந்து நாள் வருகிறது என்று கேள்விப்பட்ட பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

சேச்சியிடம் ரகசியம் கேட்டேன். சமையலறைக்குக் கூட்டிப்போய் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் காட்டினார். பார்த்தால் இட்லிக் குண்டான் மாதிரி இருந்தது. உள்ளே இன்னொரு பாத்திரம். "சூடாறாப்பெட்டி" என்றார். மலையாளம்தான், ஆனாலும் தமிழில் இதைவிடப் பொருத்தமாக என்ன பேர் வைக்க முடியும்? கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கத்துக்காரர்கள் ஊர் ஊராகப் போய்ப் பரப்பிய பொருளாம். அந்தக் காலத்தில் பெட்டிக்குள் வைக்கோலோ மரத்தூளோ அடைத்து, நடுவில் பாத்திரத்தை வைப்பார்களாம். இப்போது கடைகளில் 'தெர்மல் ரைஸ் குக்கர்' என்று கேட்டால் கொடுக்கிறார்கள்.

விஷயம் ரொம்பச் சின்னது. சோறு வேகக் கொதி வேண்டாம், சூடு போதும். கொதி வந்த பிறகு நாம் எரிக்கிற கேஸில் பெரும்பகுதி ஆவியாகவும் சமையலறைப் புழுக்கமாகவும்தான் போகிறது. பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, சூடு வெளியே போகாத ஒரு டப்பாவில் இறக்கி மூடிவிட்டால் மீதி வேலையை அந்தச் சூடே செய்துவிடும். அவ்வளவுதான்.

முதலில் ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். படத்தில் அழகாக இருந்தது. வந்ததைத் தட்டிப் பார்த்தால் மூடி 'டங்' என்றது. உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் இரட்டைத் தகடு. சூடு மேலே போகும் என்பது ஆறாம் வகுப்புப் பாடம். பக்கவாட்டில் மட்டும் பஃப் என்கிற, சூட்டை வெளியே விடாத நுரையை அடைத்து மூடியை வெறுமனே விட்டால், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தலையை மொட்டை அடித்த மாதிரி. திருப்பி அனுப்பிவிட்டேன். அதன் பிறகு ஒரு சனிக்கிழமை சிக்பேட்டைப் பக்கம் போய், நாலு பாத்திரக்கடை ஏறி இறங்கி, ஒவ்வொரு மூடியையும் விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தேன். கடைக்காரருக்கு என்மேல் சந்தேகமே வந்துவிட்டது. "ஏனம்மா, தேங்காயா வாங்கறீங்க?" என்றார். பஃப் அடைத்த மூடி மொத்தென்று சத்தம் கொடுக்கும். அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து 1,900 ரூபாயிலிருந்து 1,650க்கு இறக்கினேன். ஒரு கிலோ அரிசி வேகிற அளவு. உள்பாத்திரம் ஐந்து லிட்டர் சொச்சம் பிடிக்கும். 'விருந்தாளி வந்தால் உதவும்' என்று இரண்டு கிலோ சைஸைத்தான் முதலில் கையில் எடுத்தேன். சின்னதே வாங்கு என்று சேச்சி முன்பே சொல்லியிருந்ததால் திருப்பி வைத்துவிட்டேன். எதற்கு என்று அப்போது புரியவில்லை.

அத்தைக்கு முதல் நாளிலிருந்தே இது பிடிக்கவில்லை. எங்கள் ஸ்ரீராமபுரத்திலேயே அறுபது வருஷம் இருந்தவர். மண்ணெண்ணெய் ஸ்டவ், ரேஷன் கியூ எல்லாம் பார்த்தவர். "அடுப்புல வேகாதது டப்பாவுல வேகுமாம்மா?" என்றார். அந்த வாரமே நான் அவர் வாயில் அவலைப் போட்டேன்.

நடந்தது இதுதான். காலை எட்டு மணிக்கு அரிசியைக் கொதிக்கவைத்து டப்பாவில் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு அத்தை தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார், வீட்டில் யாரும் இல்லை. ராத்திரி ஏழரைக்கு வந்து சுடச்சுடச் சோறு சாப்பிடலாம் என்ற நினைப்பில் திறந்தேன். திறந்ததும் ஒரு வாடை. புளித்த வாடைகூட இல்லை, ஈரத் துணியை மூன்று நாள் வாளியில் விட்ட மாதிரி. சோறு குழைந்து களியாகி, வடிக்கிற கஞ்சி கையில் நூலாக இழுத்தது. அரை கிலோ பொன்னி குப்பைக்குப் போனது. திரும்பி வந்த அத்தை ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவை மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

தப்பு டப்பாவினுடையது இல்லை, என்னுடையது. அரைப் பாத்திரம்தான் நிரப்பியிருந்தேன், பதினொன்றரை மணி நேரமும் விட்டுவிட்டேன். பையன் இரண்டாம் பி.யூ. சயன்ஸ், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். 350 ரூபாய்க்கு சமையலறை தெர்மாமீட்டர் ஒன்று வாங்கவைத்தான். வெறும் தண்ணீரை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அளந்தோம். அதிலும் முதலில் ஒரு குழப்பம். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் விட்டால் 97 காட்டுகிறது, அதைத் தாண்டவே இல்லை. 350 ரூபாயும் போச்சு என்று நினைத்தேன். பையன் சிரித்தான். "அம்மா, பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து தொள்ளாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கு. இங்க தண்ணி 97லயே கொதிச்சிடும்." ஆம்பூரில் எங்கள் அம்மா வீட்டில் சீக்கிரம் வேகிற பருப்பு இங்கே ஏன் அடம் பிடிக்கிறது என்பதில் ஒரு பாதி எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அளந்தது இப்படி. பாத்திரம் நிறையக் கொதிநீர் வைத்தால் இரண்டு மணி நேரம் கழித்து 87, நான்கு மணி நேரம் கழித்து 79, எட்டு மணி நேரம் கழித்து 66. பாதி நிரப்பினால் நான்கு மணி நேரத்தில் 68, எட்டில் 52. வித்தியாசத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கிற பண்டம்தான் சூட்டைப் பிடித்து வைக்கிறது, டப்பா வெறும் காவல்காரன். சேச்சி சின்னதாக வாங்கச் சொன்னதன் காரணம் இதுதான். பெரிய டப்பாவில் கொஞ்சமாகச் சமைத்தால் அது ஊசிப்போகும் பெட்டி. சமைத்த உணவு 60 டிகிரிக்குக் கீழே மணிக்கணக்கில் இருந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். நான் வைத்திருக்கிற கணக்கு, நிறைந்த பாத்திரத்துக்கு ஏழு எட்டு மணி நேரம், முக்கால் பாத்திரத்துக்கு ஐந்து. அதற்கு மேல் யார் சொன்னாலும் கிடையாது.

அதிலிருந்து டப்பாவுக்குத் தினமும் இரண்டு ஷிஃப்ட். காலையில் சோறு. புழுங்கலரிசி எட்டு நிமிஷம் கொதித்தால் டப்பாவில் முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் காய் நறுக்கி, குளித்து, அவருக்கும் பையனுக்கும் டிபன் கட்டி முடித்துவிடுவேன். வடித்து, எங்களுக்கு எடுத்ததுபோக மீதியை மறுபடி டப்பாவில் வைத்துவிட்டால் பன்னிரண்டரைக்கு அத்தைக்குச் சூடான சோறு. முழங்கால் வலியில் அவரால் அடுப்பு முன்னால் ரொம்ப நேரம் நிற்க முடியாது. குக்கர் விசில் என்றாலே பயம். முன்பெல்லாம் ஆறிப்போன சோற்றில் மோர் விட்டுச் சாப்பிட்டுவிட்டு, 'எனக்கு இதுதாம்மா பிடிக்கும்' என்பார். பிடிக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

இரண்டாவது ஷிஃப்ட் பையனுடையது. நான்கரைக்குக் காலேஜிலிருந்து வந்ததும், நான் காலையில் ஊறப்போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த துவரம்பருப்பை எடுத்து, மஞ்சள்தூள் போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவைப்பான். நுரையை எடுத்துவிட்டு, பூசணியோ முள்ளங்கியோ போட்டு, கடைசி இரண்டு நிமிஷம் மூடி போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். இந்த இரண்டு நிமிஷம் முக்கியம். மூடி ஜில்லென்று இருந்தால் அதுவே சூட்டைக் குடித்துவிடும். பிறகு பருப்பின்மேல் ஒரு துளைத்தட்டில் நாலு உருளைக்கிழங்கு. அது கறிக்கும் ஆச்சு, பாத்திரத்தில் இடம் நிறைந்த மாதிரியும் ஆச்சு. அடுப்பிலிருந்து எடுத்து டப்பாவில் இறக்கி மூடுவதைப் பத்து எண்ணுவதற்குள் முடிக்க வேண்டும். நடுவில் திறந்து பார்க்கக்கூடாது. ஒரு தடவை திறந்தாலும் சூடு குறைந்துவிடும். இவ்வளவையும் செய்துவிட்டு அவன் கிரிக்கெட் ஆடப் போய்விடுவான். அடுப்பும் அணைந்திருக்கும், நானும் நிம்மதியாக இருப்பேன். பதினேழு வயசுப் பையனை நம்பிப் பிரஷர் குக்கரையும் எரிகிற அடுப்பையும் விட்டுவிட்டு வர என்னால் முடியாது.

ஏழரைக்கு நான் வந்து மூடியைத் திறக்கும்போது உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருக்கும். மூக்குக்கண்ணாடி மங்கிவிடும். பருப்பு மத்தைப் பார்த்ததுமே மசிகிற பதத்தில் இருக்கும். அதன் பிறகுதான் புளியும் உப்பும் காரமும். புளியை முன்பே விட்டால் பருப்பு கல்லாக நிற்கும், டப்பாவில் இன்னும் மோசம். தண்ணீரும் அப்படித்தான். எங்கள் தெருவுக்குக் காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். மற்ற நாளில் போர்வெல். போர்த் தண்ணீரில் வைத்த பருப்பு மூன்று மணி நேரம் கழித்தும் பல்லில் மாட்டியது. கடினத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து பருப்பின் சதையை இறுக்கிவிடும். இப்போது பருப்புக்கென்று ஒரு குடம் காவேரி தனியாக மூடி வைத்திருக்கிறேன். அந்தக் குடத்தை யாரும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

சரி, கேஸ் கணக்குக்கு வருகிறேன். டப்பா வந்து எட்டு மாதம் ஆகிறது. சிலிண்டர் இப்போது சராசரி 43 நாள். வருஷத்துக்கு இரண்டு சிலிண்டர் சொச்சம் மிச்சம். நான் கணக்குப் போட்டபோது இருந்த விலையில் 1,800 ரூபாய் பக்கம். அதாவது டப்பா தன் விலையைக் கொடுக்க ஏறக்குறைய ஒரு வருஷம் எடுக்கும். 'பாதி கேஸ் மிச்சம்' என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்திருக்கிறார்கள். அது பொய். டீ, தாளிப்பு, தோசை, குளிக்கிற வெந்நீர் எதையும் டப்பா தொடுவதில்லை. பருப்புக்குப் பிரஷர் குக்கரே போதுமான அளவு சிக்கனம். அதற்குள் 120 டிகிரி வரை ஏறும், வேலை சட்டென்று முடியும். டப்பாவின் நிஜமான கேஸ் மிச்சம் வடிக்கிற சோற்றிலும், கொள்ளு, கொண்டைக்கடலை மாதிரி நேரம் பிடிக்கிறவற்றிலும்தான்.

ஆனால் அதே காலண்டருக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு இருக்கிறது. வெளிச் சாப்பாட்டு நோட்டு. அதைக் கூட்டிப் பார்த்தபோதுதான் நான் எதை வாங்கினேன் என்றே எனக்குப் புரிந்தது.

பெங்களூரு நகரப் பஸ்ஸான பி.எம்.டி.சி.யில், ஏ.சி. இல்லாத வண்டிகளில், கர்நாடகப் பெண்களுக்கு 2023 ஜூனிலிருந்து டிக்கெட் காசு கிடையாது. ஆதாரைக் காட்டினால் பூஜ்யம் ரூபாய் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்கள். பீன்யாவிலிருந்து ஸ்ரீராமபுரத்துக்கு மெட்ரோ நேராக வருகிறது என்றாலும், நான் பஸ்ஸில்தான் வருவேன். மெட்ரோ காசு மாதத்துக்கு ஒரு நல்ல தொகை. அதை மிச்சம் பிடிக்கிறேன் என்று பெருமை வேறு. ஆனால் கொரகுண்டேபாளையா சிக்னலில் அரை மணி நேரம் நின்று, யஷ்வந்த்பூரில் இன்னும் கொஞ்சம் நின்று, வீட்டுப் படி ஏறும்போது உடம்பில் ஒன்றும் மிஞ்சாது. பருப்பு வேகவைக்க வேண்டும் என்று நினைத்தாலே அழுகை வரும். கை தானாகப் போனை எடுக்கும். நாலு பேருக்கு ஏதோ ஒன்று, சராசரி 380 ரூபாய். டப்பா வாங்குவதற்கு முந்தின மூன்று மாதத்தில், மாதத்துக்குப் பதினோரு தடவை. 4,180 ரூபாய். பஸ்ஸில் மிச்சம் பிடித்ததைப் பரோட்டாவில் விட்டிருக்கிறேன்.

இப்போது மாதத்துக்கு மூன்று தடவை. 1,140. குழம்பு தயாராகக் காத்திருந்தால் சோறு ஒரு பெரிய வேலையே இல்லை. குக்கரில் வைத்து, அது விசில் அடிப்பதற்குள் தாளித்துக் கொட்டிவிடலாம். கேஸில் மாதம் 150 ரூபாய், பார்சலில் மாதம் 3,000 ரூபாய். இரண்டாவது எண்ணைக் கடைக்காரரும் சொல்லவில்லை, அட்டைப் பெட்டியிலும் இல்லை. சேச்சிக்குமே தெரியாது. அவர் வீட்டில் இருப்பவர், அவருக்கு ஏழரை மணிப் பிரச்சினை இல்லை. எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருகிற பெண்களுக்குத்தான் நான் இதைச் சிபாரிசு செய்வேன். வீட்டிலேயே இருந்து, நேரத்துக்குக் குக்கர் வைக்க முடிகிறவர்களுக்கு இது அவசியமே இல்லை.

'கரண்ட்தான் இலவசமாச்சே, எலக்ட்ரிக் குக்கர் வாங்கலாமே' என்று ஆபீசில் கேட்டார்கள். கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியை இன்னும் நிறைய பேர் 200 யூனிட் இலவசம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது உச்சவரம்பு. எங்களைப் போன்ற வீட்டுக்குப் பங்கு, 2022-23இல் எரித்த மாதச் சராசரியும் அதற்கு மேல் 10 சதவீதமும்தான். எங்கள் வீட்டுச் சராசரி 74, ஆக 81 யூனிட். அதைத் தாண்டினால் தாண்டியதற்குக் காசு, 200ஐத் தாண்டினால் மொத்தத்துக்கும் காசு. ஃபேன், ஃபிரிட்ஜ், பையனின் லேப்டாப் போக அந்த 81இல் இண்டக்ஷனுக்கு இடம் இல்லை. 2,000 வாட் அடுப்பு அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டை விழுங்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. வெளி டப்பாவைத் தண்ணீரில் முக்கிக் கழுவக்கூடாது. அடித்தையல் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் பஃப் ஊறி நாறும். ஈரத்துணியால் துடைத்து, மூடியைத் திறந்தே வைக்க வேண்டும். இல்லையென்றால் நேற்றைய சாம்பார் வாசனை இன்றைய சோற்றில். உள்மூடி லொடலொடவென்று உட்காருகிறது. மேலே ஒரு பழைய காட்டன் துண்டை மடித்துப் போட்டுத்தான் வெளிமூடியை அழுத்துகிறேன். எங்கள் சமையல் மேடையில் இது பிடிக்கிற இடத்துக்கு மிக்ஸியைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. பச்சரிசி, சோனா மசூரி எல்லாம் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது, குழைந்துவிடும்.

ராஜ்மா மட்டும் இதில் வைக்கவே வைக்காதீர்கள். வேகாத ராஜ்மாவில் ஒரு நச்சுப் பொருள் உண்டு. நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தளதளவென்று கொதித்தால்தான் அது முறியும். அரைகுறைச் சூட்டில் ஊறுவது இன்னும் கெடுதல், வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். ராஜ்மா எப்போதும் பிரஷர் குக்கரில்தான்.

1,650 ரூபாய் போடத் தயக்கமாக இருந்தால் முதலில் பைசா செலவில்லாமல் ஒன்று செய்து பாருங்கள். பட்டறையில் என்னோடு வேலை செய்கிற பெண்ணுக்கு நான் அப்படித்தான் சொன்னேன். மளிகைக் கடை அட்டைப் பெட்டி ஒன்று, பழைய காட்டன் புடவைகள் நாலைந்து. அடியில் நாலு விரல் கனத்துக்கு மடித்துப் போட்டு, சுற்றிலும் இடைவெளியே இல்லாமல் அடைத்து, நடுவில் மூடி இறுகலாக உள்ள பாத்திரத்தை வைத்து, மேலே ஒரு தலையணை. அவள் வீட்டில் அதில்தான் ஆறு மாதமாகச் சோறு வேகிறது. நைலக்ஸ் புடவை வேண்டாம்.

போன மாதம் டப்பாவின் பக்கக் கொக்கி ஒன்று கழன்றுவிட்டது. சிக்பேட்டைக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்று வாசலில் வைத்திருந்தேன். சாயந்தரம் வந்து பார்த்தால் அது மேடையில் இருக்கிறது, சுற்றிலும் அத்தையின் பழைய புடவைக் கரையால் இறுக்கிக் கட்டியிருக்கிறது. "இது கடைக்குப் போச்சுன்னா நாளைக்கு மத்தியானம் எனக்குச் சோறு?" என்றார். கொக்கி இன்னும் போடவில்லை. இன்றைக்கு உள்ளே கொள்ளு இருக்கிறது, ஏழரைக்குத் திறக்க வேண்டும்.